எலும்பாகப் போகும் செல்லுக்கு எப்படித் தெரியும்?

கழுத்துக்குக் கீழே, சட்டைக் காலர் முடியும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தொண்டைக்குழியிலிருந்து தோள் வரைக்கும் இரண்டு பக்கமும் நீளமாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதுதான் காறை எலும்பு. இப்போது இரண்டு தோள்களையும் முன்பக்கம் கொண்டுவந்து, நெஞ்சுக்கு நேரே ஒன்றையொன்று தொட வைக்க முடிகிறதா பாருங்கள். எவ்வளவு முக்கினாலும் முடியாது. காறை எலும்பு குறுக்கே நின்று தடுக்கும்.

ஆனால் சிலரால் முடியும். அவர்களுக்குக் காறை எலும்பு மிகச் சிறியதாக இருக்கும். சிலருக்கு அது இருக்கவே இருக்காது. சின்னக் குழந்தைகளின் உச்சந்தலையில் மெத்தென்று ஓர் உச்சிக்குழி இருக்கும் அல்லவா? பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒன்றரை, இரண்டு வயதுக்குள் மூடிக்கொள்ளும். இவர்களுக்கு மூடுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். பல்லிலும் ஒரு வேடிக்கை உண்டு: தேவைக்கு மேல் பற்கள் ஈறுக்குள் உருவாகி, வெளியே வராமல் நின்றுவிடும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் டஸ்டின் என்ற பையனாக நடித்த கேட்டன் மாட்டராஸோவுக்கு இந்த உடல் அமைப்பு உண்டு. அதைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசுகிறார்.

தோள், மண்டை, பல் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்கள். காரணமோ ஒன்றே ஒன்று. ஒரே ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகிவிட்டது. அந்த மரபணுவின் பெயர் ரன்க்ஸ்-2. எலும்பு என்ற ஒன்று நம் உடம்பில் உருவாவதே அதனால்தான். அது என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடலாம். பள்ளி ஆய்வகத்தில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, எலும்பு என்றால் காய்ந்துபோன ஒரு பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உங்களுக்குள் இருக்கும் எலும்பு அப்படியில்லை. அதில் ரத்தக் குழாய் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது, கோடிக்கணக்கான செல்கள் குடியிருக்கின்றன. பழைய எலும்பை ஒரு வகைச் செல்கள் ஓயாமல் கரைத்துக்கொண்டே இருக்க, இன்னொரு வகைச் செல்கள் புதிய எலும்பைப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் புதிதாகிறது.

புதிய எலும்பைப் போடுகிறவற்றுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்று பெயர். நாம் எலும்பாக்கும் செல்கள் என்று சொல்வோம். ஓர் எலும்பாக்கும் செல் சில மாதங்களே வேலை செய்யும். அப்படியானால் புதிய செல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டுமே, எங்கிருந்து வருகின்றன?

இந்தக் கேள்வியை விடாப்பிடியாகத் துரத்தியவர் அலெக்சாண்டர் ஃபிரீடென்ஸ்டைன். மாஸ்கோவில் உள்ள கமலேயா ஆய்வு நிலையத்தில் இருந்தவர். எலும்பின் நடுவே கூழாக இருக்கும் மஜ்ஜையில்தான் விடை இருக்கிறது என்று அவர் சந்தேகித்தார். 1960-களில் அவர் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. நுண்ணிய துளைகள் கொண்ட சிறு அறை ஒன்றுக்குள் மஜ்ஜைச் செல்களை வைத்து மூடி, அதை ஒரு விலங்கின் வயிற்றுக்குள் வைத்தார். துளைகள் மிகச் சிறியவை. சத்துகள் உள்ளே போகலாம். வெளியிலிருந்து ஒரு செல்கூட உள்ளே நுழைய முடியாது. சில வாரங்கள் கழித்துத் திறந்தால் உள்ளே எலும்பு! சுற்றிலும் எலும்பே இல்லாத இடம் அது. வேறு எந்தச் செல்லும் வந்திருக்க வழியில்லை. ஆகவே அந்த எலும்பைச் செய்தவை மஜ்ஜைக்குள் இருந்த செல்களேதான். அறையை அப்படி மூடியதில்தான் அந்தச் சோதனையின் அழகே இருக்கிறது. மூடாமல் வைத்திருந்தால், வேறெங்கிருந்தோ செல்கள் வந்திருக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

மஜ்ஜையில் உள்ள அந்தச் செல்களைத்தான் இன்று ஸ்டெம் செல்கள் அல்லது குருத்தணுக்கள் என்கிறோம். இன்னும் எந்த வேலையிலும் சேராத செல்கள் இவை. இவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பெருக்கி, அதன் வழிவந்த செல்களில் சிலவற்றை எலும்பாகவும், சிலவற்றைக் குருத்தெலும்பாகவும், சிலவற்றைக் கொழுப்பாகவும் மாற்ற முடியும் என்று 1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

ஒரே செல்லின் பிள்ளைகள் மூன்று விதமாகப் போனது எப்படி? எலும்பானதற்கு ஏதாவது கூடுதலாகக் கிடைத்ததா? கொழுப்பானதிடமிருந்து ஏதாவது பிடுங்கப்பட்டதா? இரண்டும் இல்லை. உங்கள் உடம்பில் கண், தோல், ஈரல், எலும்பு என்று எந்தச் செல்லைத் திறந்தாலும் அதே டிஎன்ஏதான் இருக்கும். நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரும். அதில் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. கண்ணுக்கு வேண்டிய மரபணு எலும்பிலும் உண்டு. எலும்புக்கு வேண்டியது கண்ணிலும் உண்டு.

வேலையில் சேர்ந்த பிறகு தேவையில்லாத மரபணுக்களைச் செல் தூக்கி எறிந்துவிடுமோ என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகளுக்கே ஐயம் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கர்டன் அதைத் தீர்த்துவைத்தார். தலைப்பிரட்டையின் குடலில் இருந்த செல்லின் உட்கருவை எடுத்து, உட்கருவை நீக்கிய தவளை முட்டைக்குள் வைத்தார். குடல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த உட்கருவிலிருந்து ஒரு முழுத் தலைப்பிரட்டை வளர்ந்தது. கண், வால், இதயம் எல்லாவற்றோடும்! 1962-இல் அவர் இதை வெளியிட்டார். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2012-இல் நோபல் பரிசு வந்தது. குடல் செல் எதையும் தொலைத்திருக்கவில்லை. பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

பயன்படுத்துவது என்றால் என்ன? மரபணு உட்கருவை விட்டு வெளியே வராது. செல்லுக்கு ஒரு புரதம் வேண்டுமென்றால், அதற்குரிய மரபணுவை மட்டும் ஆர்என்ஏ என்ற பொருளில் படியெடுக்கும். அந்தப் படி உட்கருவுக்கு வெளியே வரும். அதில் உள்ளபடி புரதம் தயாராகும். ஒரு மரபணுவிலிருந்து நிறையப் படிகள் வந்தால் அது சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பொருள். படியே வராவிட்டால் உறங்குகிறது. ஆகவே ஒரு செல் இந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று அறிய, டிஎன்ஏவைப் பார்த்துப் பயனில்லை. அது எல்லாச் செல்லிலும் ஒன்றுதான். ஆர்என்ஏ படிகளை எண்ண வேண்டும்.

அதை ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். அடி தட்டையான பிளாஸ்டிக் கிண்ணங்களில் மஜ்ஜைக் குருத்தணுக்களைப் பரப்பி, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வளர்க்கிறார்கள். முதலில் கொடுப்பது சாதாரண ஊட்டத் திரவம். செல்கள் பெருகிக் கிண்ணத்தின் அடியை நிரப்பியதும், திரவத்தில் மூன்று பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஒன்று, டெக்சாமெத்தசோன் என்ற மருந்து. இரண்டாவது, பாஸ்பேட் சேர்ந்த ஓர் உப்பு. மூன்றாவது உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது: நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி. இவ்வளவுதான். அன்றிலிருந்து நாள் கணக்கு தொடங்குகிறது.

மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தோராம் நாள் என்று இடைவெளி விட்டுச் சில கிண்ணங்களை எடுத்து, செல்களை உடைத்து ஆர்என்ஏவைப் பிரிக்கிறார்கள். கையுறை இல்லாமல் அந்த மேசையைத் தொடக்கூட விடமாட்டார்கள். ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக்கும் நொதி நம் விரல் நுனித் தோலிலேயே இருக்கிறது. ஒரு தொடுதல் போதும், மூன்று வார உழைப்பு வீண். அதனால் எல்லாவற்றையும் பனிக்கட்டி மேல் வைத்துத்தான் வேலை பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு மரபணுவின் படியும் எவ்வளவு இருக்கிறது என்று கருவி அளந்து சொல்லும். முன்பெல்லாம் ஒவ்வொரு மரபணுவாகத்தான் அளந்தார்கள். இப்போது எல்லா மரபணுக்களின் படிகளையும் ஒரே மூச்சில் எண்ண முடிகிறது. ஒரே ஒரு செல்லுக்குள் இருப்பவற்றையும் தனியாக எண்ணலாம்.

மூன்று வாரம் முடிந்ததும் கிண்ணத்தில் உண்மையிலேயே எலும்புப் பொருள் படிந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தின் ஒரு வகையை ஊற்றிக் கழுவுவார்கள். கால்சியம் உள்ள இடத்தில் மட்டும் சாயம் பற்றிக்கொள்ளும். குருத்தணுவாகவே இருக்கும் கிண்ணம் வெளுப்பாக இருக்க, பக்கத்துக் கிண்ணம் ரத்தச் சிவப்பாக நிற்கும்.

இந்தச் சாயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு, சொல்லாமல் போக மனமில்லை. 1736-ஆம் ஆண்டு, லண்டன். ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், துணிக்கு அச்சடிக்கும் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். தட்டில் வைத்த பன்றி இறைச்சியில் எலும்பு சிவப்பாக இருந்தது. இறைச்சியோ வழக்கமான நிறத்தில்தான் இருந்தது. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. துணிக்குச் சிவப்பு ஏற்ற மஞ்சிட்டி இனத்து வேரைப் பயன்படுத்திவிட்டு, அந்தச் சாயம் ஊறிய தவிட்டைப் பன்றிக்குப் போட்டிருக்கிறார்கள். சாயம் எலும்பை மட்டும் தேடிப்போய் ஒட்டியிருக்கிறது! பின்னால் பிரான்சு நாட்டு துஹமேல், விலங்குகளுக்குச் சில வாரம் அந்த வேரைக் கொடுத்தும் சில வாரம் நிறுத்தியும் பார்த்தார். எலும்பைக் குறுக்கே அறுத்தால் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று வளையங்கள். எலும்பு வெளிப்பக்கமாக அடுக்கடுக்காகச் சேர்ந்து தடிக்கிறது என்பதற்கு அது கண்கண்ட சான்று. அந்த வேரில் இருக்கும் நிறப்பொருள்தான் அலிசரின். நம் சோழமண்டலக் கரையில் துணிகளுக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேரிலும் அதே அலிசரின்தான் இருக்கிறது.

கிண்ணத்துக்கு வருவோம். எந்த மரபணு எந்த நாளில் சுறுசுறுப்பாகிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கேரி ஸ்டைன், ஜேன் லியன் ஆகியோரின் குழு 1990-ஆம் ஆண்டு வாக்கில் எலியின் மண்டையோட்டுச் செல்களை வைத்து இதைத் தெளிவாகக் காட்டியது. எல்லா மரபணுக்களும் ஒன்றாக விழிப்பதில்லை; வரிசை இருக்கிறது. முதலில் செல் பெருகுவதற்கான மரபணுக்கள் வேலை செய்கின்றன. பெருகியது போதும் என்றானதும் அவை அடங்க, கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஏராளமாகச் சேர்கிறது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதிக்கான மரபணு உச்சத்துக்குப் போகிறது. கடைசியில் ஆஸ்டியோகால்சின் போன்ற, கால்சியத்தோடு உறவாடும் புரதங்களின் மரபணுக்கள் எழுகின்றன.

ஏன் இந்த வரிசை? உங்கள் தெருவில் எங்காவது வீடு கட்டினால் நின்று பாருங்கள். முதலில் கம்பி கட்டுவார்கள், பிறகுதான் கான்கிரீட் போடுவார்கள். கான்கிரீட்டை முதலில் கொட்டிவிட்டு, அது இறுகிய பின் கம்பியை உள்ளே செருக முடியுமா? எலும்பிலும் கொலாஜன் நார்தான் கம்பி. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு, அதன்மேல் படியும் கான்கிரீட். நார் இல்லாமல் உப்பு மட்டும் இருந்தால் எலும்பு சாக்குக்கட்டியாக உடையும். உப்பு இல்லாமல் நார் மட்டும் இருந்தால் வளையும். ஒரு கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து வினிகரில் சில நாள் ஊறவைத்துப் பாருங்கள். பெரியவர் ஒருவர் துணையோடு செய்யுங்கள். உப்பு கரைந்துபோய், எலும்பு ரப்பராக வளையும். கையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன்தான்.

அந்தக் கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்தது சென்னையில் என்பது உங்களுக்குத் தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் அதை வெளியிட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட வடிவம். மூன்றும் நெருங்கிப் பின்ன வேண்டுமானால் நடுவில் இடம் போதாது. அதனால் ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்றாக, இருப்பதிலேயே மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் உட்கார்ந்திருக்கிறது. இந்த முறுக்கு பிரியாமல் நிற்க, இழையில் உள்ள சில அமினோ அமிலங்களில் ஒரு சிறு மாற்றம் செய்ய வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. ஆய்வகக் கிண்ணத்தில் வைட்டமின் சி ஊற்றியது எதற்கு என்று இப்போது புரிகிறதா? மரபணு எவ்வளவுதான் சுறுசுறுப்பாகப் படியெடுத்தாலும், வைட்டமின் சி இல்லாவிட்டால் உறுதியான நார் கிடைக்காது. அந்தக் காலக் கடலோடிகளுக்கு ஸ்கர்வி நோய் வந்து ஈறு கரைந்ததும், ஆறிய பழைய புண்கள் திறந்துகொண்டதும் இதனால்தான்.

அல்கலைன் பாஸ்பட்டேஸுக்கும் தெளிவான வேலை இருக்கிறது. உப்பு படிவதைத் தடுக்கும் ஒரு பொருள் உடலில் எங்கும் இருக்கிறது. இல்லாவிட்டால் கண்ட இடத்திலும் எலும்பு முளைக்கும். இந்த நொதி அந்தத் தடையை உடைத்து, கூடவே பாஸ்பேட்டையும் விடுவிக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் இந்த நொதியின் அளவு சிறுவர்களுக்குப் பெரியவர்களைவிட அதிகமாக இருப்பது இயல்பு. வளரும் எலும்பிலிருந்து கசிந்து வந்தது அது.

சரி, இந்த வரிசையைத் தொடங்கிவைப்பது யார்? குருத்தணுவிடம் ‘இனி நீ எலும்பு’ என்று சொல்வது எது? இதற்கான விடை 1997 மே மாதம், ‘செல்’ என்ற ஆய்விதழின் ஒரே இதழில், அடுத்தடுத்த நான்கு கட்டுரைகளாக வந்தது. அந்த நான்கு குழுக்களும் வேறு வேறு வழியில் வந்தவை என்பதுதான் வியப்பு.

ஹூஸ்டனில் ஜெரார்ட் கார்சென்டியின் குழு பின்னாலிருந்து முன்னால் நடந்தது. கடைசியில் விழிக்கும் ஆஸ்டியோகால்சின் மரபணுவை எடுத்துக்கொண்டு, இதை எழுப்புவது எந்தப் புரதம் என்று தேடியது. ஜப்பானில் தோஷிஹிசா கொமோரியின் குழுவும் லண்டனில் மைக்கேல் ஓவனின் குழுவும் ரத்தச் செல்களோடு தொடர்புடையது என்று கருதப்பட்ட ஒரு மரபணுவை எலிகளில் நீக்கிப் பார்த்தன. நான்காவது குழு, தோள்களைச் சேர்த்துக் காட்ட முடிந்த குடும்பங்களின் டிஎன்ஏவில் பழுது எங்கே என்று தேடியது. நான்கு வழிகளும் வந்து முடிந்த இடம் ரன்க்ஸ்-2.

அந்த மரபணு இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகளைப் பாருங்கள். அவற்றுக்கு எலும்புக்கூட்டின் உருவம் இருந்தது. முதுகுத்தண்டு, விலா, கால் எல்லாம் அதனதன் இடத்தில். ஆனால் எல்லாம் மெத்தென்ற குருத்தெலும்பு. ஒரு துளி எலும்பு இல்லை. விலாவுக்கு உறுதி இல்லாததால் மூச்சு இழுக்க முடியாமல் பிறந்த உடனே இறந்துபோயின. இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் போன எலிகள் பிழைத்தன. அவற்றின் காறை எலும்பு சிறுத்தும் உச்சிக்குழி மூடாமலும் இருந்தது, மனிதர்களில் பார்த்தது அப்படியே.

ரன்க்ஸ்-2 மரபணுவிலிருந்து வரும் புரதம் எலும்பின் பாகம் அல்ல. அது திரும்ப உட்கருவுக்குள் போய், மற்ற மரபணுக்களின் முன்னால் உள்ள குறிப்பிட்ட டிஎன்ஏ எழுத்துகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைப் படியெடுக்க வைக்கிறது. கார்சென்டியின் குழு, எலும்போடு தொடர்பே இல்லாத செல்களை இந்தப் புரதத்தைச் செய்ய வைத்தபோது, அவையும் எலும்புக்குரிய மரபணுக்களைப் படியெடுக்கத் தொடங்கின. 2002-இல் இதற்கு அடுத்த படியும் தெரிந்தது. ஆஸ்டெரிக்ஸ் என்ற இன்னொரு மரபணு. அதை நீக்கிய எலிகளுக்கும் எலும்பு இல்லை. ஆனால் அவற்றில் ரன்க்ஸ்-2 விழித்தே இருந்தது. ரன்க்ஸ்-2 இல்லாத எலிகளிலோ ஆஸ்டெரிக்ஸ் விழிக்கவே இல்லை. யார் முன்னால், யார் பின்னால் என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். இந்தத் தருக்கத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், துப்பறியும் கதை படிக்கும் இன்பம் கிடைக்கும்.

இவ்வளவு நல்ல மரபணு என்றால் அதை அதிகமாக்கினால் எலும்பு இன்னும் உறுதியாகுமே என்று தோன்றும். கொமோரியின் குழு 2001-இல் செய்து பார்த்தது. எலும்பாக்கும் செல்களில் ரன்க்ஸ்-2 ஓயாமல் அதிகமாக வேலை செய்யும்படி எலிகளை வளர்த்தார்கள். அந்த எலிகளின் எலும்பு மெலிந்து, பல இடங்களில் முறிந்தது. காரணம், அந்தச் செல்கள் முதிரவே இல்லை. எலும்பு வேலையைத் தொடங்க ரன்க்ஸ்-2 வேண்டும். வேலை பாதியைத் தாண்டியதும் அது அடங்கவும் வேண்டும். எந்த மரபணு விழிக்கிறது என்பதைப் போலவே, எப்போது ஓய்கிறது என்பதும் முக்கியம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஆய்வகத்தில் நாம் மூன்று பொருள்களை ஊற்றினோம். உடம்புக்குள் யார் ஊற்றுகிறார்கள்? அக்கம்பக்கத்துச் செல்கள் அனுப்பும் புரதங்கள் ஒரு வழி. லாஸ் ஏஞ்சலஸில் மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல், கால்சியத்தை முழுக்க நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்தபோது அங்கே புதிய எலும்பு முளைத்தது. அந்தத் துண்டில் ஒளிந்திருந்த புரதங்கள், சுற்றியிருந்த செல்களை எலும்பு வழிக்குத் திருப்பியிருந்தன.

எதிர்பாராத வழி ஒன்றும் உண்டு. 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் முதலியோர் குருத்தணுக்களை மூன்று விதமான ஜெல் மேல் வளர்த்தார்கள். ஒன்று மூளையின் மென்மை, ஒன்று தசையின் இறுக்கம், ஒன்று எலும்பாகப் போகும் திசுவின் விறைப்பு. ஊட்டத் திரவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மென்மையான ஜெல்லில் செல்கள் நரம்புச் செல்லின் கிளைகளை நீட்டின. நடுத்தரத்தில் தசைச் செல்லாக நீண்டன. விறைப்பானதில் ரன்க்ஸ்-2 எழுந்தது! செல் தன் காலடியை இழுத்துப் பார்க்கிறது. எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதிலிருந்து தான் எங்கே இருக்கிறேன் என்று அறிகிறது. இழுக்கும் திறனை மருந்தால் முடக்கியபோது செல்களுக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை.

காலடியின் விறைப்பு மரபணு வரை எப்படி எட்டுகிறது? டாஸ் என்ற ஒரு புரதம் தூது போகிறது. தளம் விறைப்பாக இருந்தால் அது உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே ரன்க்ஸ்-2 புரதத்துக்குத் துணை நிற்கிறது. அதே கையோடு, கொழுப்புச் செல்லாக மாற்றும் மரபணு வழியை அமுக்குகிறது. எலும்பும் கொழுப்பும் ஒரே குருத்தணுவுக்காகப் போட்டியிடுகின்றன. முதுமையில் எலும்பு மெலிய மெலிய மஜ்ஜையில் கொழுப்பு கூடுவதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

எலும்பாக்கும் செல்லின் கதை எலும்பு போட்டதோடு முடிவதில்லை. தான் போட்ட எலும்புக்குள்ளேயே சில செல்கள் புதைந்துபோகின்றன. நான்கு புறமும் இறுகிய சின்னஞ்சிறு குழிக்குள் இருந்தபடி, மெல்லிய கால்வாய்கள் வழியே கிளைகளை நீட்டி அடுத்த குழியில் இருக்கும் செல்லைத் தொட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்கின்றன. இவற்றுக்கு ஆஸ்டியோசைட் என்று பெயர். ஒரு மனிதரின் எலும்புக்கூட்டில் இவை சுமார் 4,200 கோடி இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூமியில் உள்ள மனிதர்களைப் போல ஐந்து மடங்கு!

இங்கே வந்ததும் செல் மீண்டும் வேறு மரபணுக்களுக்கு மாறுகிறது. அவற்றில் ஒன்றிலிருந்து ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதம் வருகிறது. மேலே இருக்கும் எலும்பாக்கும் செல்களுக்கு ‘போதும்’ என்று சொல்லும் புரதம். நீங்கள் ஓடும்போதும் குதிக்கும்போதும் எலும்பு நூலிழை அளவு வளைகிறது; கால்வாய்களில் உள்ள திரவம் அசைகிறது. அதை உணர்ந்த ஆஸ்டியோசைட்டுகள் ஸ்கிளெரோஸ்டினைக் குறைத்துக்கொள்கின்றன. உடனே எலும்பு வேலை மும்முரமாகிறது. டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்ற கையைவிடத் தடிமனாக இருக்கும். சிறுவயதிலேயே ஆடத் தொடங்கியவர்களுக்கு அந்த வேறுபாடு இன்னும் அதிகம். உடல் எடை தெரியாத விண்வெளி நிலையத்திலோ நேர்மாறு. அங்கே தங்குகிறவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. அதனால்தான் அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் போலப் பயிற்சி செய்கிறார்கள்.

ஸ்கிளெரோஸ்டின் மரபணுவும் குடும்பங்களில் தேடித்தான் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் ஐரோப்பிய வழிவந்த சில குடும்பங்களில், எலும்பு நிற்காமல் தடித்துக்கொண்டே போகும் அரிய நோய் இருந்தது. அவர்களிடம் இந்த மரபணு பழுதாகியிருப்பது 2001-இல் தெரியவந்தது. போதும் என்று சொல்ல ஆளில்லாத எலும்பு அது. அவர்களுக்கு அது பெருந்துன்பம். மண்டையோடு தடித்து நரம்புகளை நெரிக்கும். ஆனால் அந்தப் புரதத்தைச் சிறிது காலம் மட்டும் தடுத்தால், எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு உதவுமே என்று ஆய்வாளர்கள் யோசித்தார்கள். அப்படி உருவான ரோமோசோசுமாப் என்ற மருந்துக்கு 2019-இல் ஜப்பானும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. மாதம் ஒருமுறை என ஓராண்டு மட்டும் அதைப் போடுகிறார்கள். நாளாக ஆக எலும்பு போடும் வேகம் தணிந்துவிடுவதால், ஓராண்டு முடிந்ததும், சேர்ந்த எலும்பு கரையாமல் காக்கும் வேறு மருந்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.